நோட்டில் எழுதாத காய்ச்சல்

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். என்னைப் பற்றி அங்கே உலவிய கதை ஒன்றே ஒன்றுதான்: ரெக்கார்டு நோட்டைக் கிழிக்கிற டீச்சர். கதை உண்மைதான். நிறையக் கிழித்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு சோதனை உண்டு. பீக்கரில் தண்ணீரைச் சுடவைத்து, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். எங்கள் தெர்மாமீட்டர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் என் கணவர் வாங்கிக்கொடுத்த பழைய சாமான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதும் அது தொண்ணூற்றெட்டுக்கு மேல் ஏறாது. ஆனால் நாற்பது பிள்ளைகளின் நோட்டிலும் நூறு என்றுதான் இருக்கும். சிலர் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே நூறு என்று எழுதி வைத்துவிடுவார்கள். கேட்டால், "புக்ல நூறுன்னுதானே டீச்சர் போட்டிருக்கு" என்பார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வருமோ. "புக்குல இருக்கறத எழுத இந்த அடுப்பு எதுக்கு, தண்ணி எதுக்கு, உனக்குக் கண்ணு எதுக்கு?" என்று கத்திவிட்டுக் கிழிப்பேன். அடுத்த வாரம் எல்லா நோட்டிலும் தொண்ணூற்றெட்டு இருக்கும். அதையும் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதியிருக்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட நான் ஒரு சாயங்காலம் என் கையால் ஒரு நோட்டில் பொய் எழுதினேன். அந்தப் பொய்யை நம்பி இன்னொரு வீட்டுப் பெண்ணின் தலைக்குள் ஒரு மருந்தை இரண்டு பங்காக ஏற்ற இருந்தார்கள். அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவருக்குப் பல்லாவரத்தில் ஒரு தோல் பட்டறையில் வேலை. பதனிட்ட ஆட்டுத்தோலுக்குச் சாயம் ஏற்றும்போது நிறம் பார்க்கிறவர். வெளியூர்க் கம்பெனிகள் அனுப்பும் மாதிரித் துண்டு எந்த நிறமோ, அதே நிறத்தை இங்கே தோலில் கொண்டுவர வேண்டும். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் இரண்டு துண்டையும் பிடித்துப் பார்த்து, "சேப்பு ஒரு சிட்டிகை கொறையுது" என்பார். அதற்கு மேல் அங்கே பேச்சு கிடையாது. சட்டைப் பையில் எப்போதும் உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் துண்டு இருக்கும். துவைக்கப் போடும்போது அதை எடுக்க மறந்து நான் பாழாக்கிய சட்டைகள் ஏராளம்.

தாம்பரத்தில் சின்ன ரயில்பாதையைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரு நாள் பட்டறையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது. "பாய் துண்டக் கையில வெச்சிக்கினு ஒண்ணுமே பேசாம நிக்கிறாரு டீச்சர். வந்து பாருங்க" என்றார்கள். போய்ப் பார்த்தேன். நிறம் அவருக்குத் தெரிந்தது, அதன் பெயர் வரவில்லை. என்னைப் பார்த்ததும் துண்டை நீட்டி, "இது... இது..." என்றார். சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளி மாட்டியிருந்தது. இருபது வருஷத்தில் ஒரு நாளும் அவர் அப்படிப் போனதில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையில் துளை போட்டுச் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் லிம்போமா என்றார்கள். நோயோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு வகை, புத்தி கெட்டுப்போய் மூளைக்குள் குடியேறிப் பெருகிக்கொண்டிருந்தது. முதலில் கொடுத்த மருந்துக்கு அடங்கியது. ஒன்பது மாதம் வேலைக்குக்கூடப் போனார். பிறகு திரும்பி வந்தது. இந்தத் தடவை மூளையைச் சுற்றியிருக்கும் நீரிலேயே அந்த அணுக்கள் மிதக்கின்றன என்று டாக்டர் சொன்னார்.

அந்த டாக்டர் அதிகம் பேசாதவர். நான் அறிவியல் டீச்சர் என்று தெரிந்ததும் ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு வேலி இருக்கிறது. ரத்தத்தில் வருகிற எல்லாவற்றையும் அது உள்ளே விடாது. புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, ஆன்டிபாடி என்று பெயர். கெட்டுப்போன அணுவின் மேல் இருக்கும் ஓர் அடையாளத்தைத் தேடிப் போய் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு உடம்பே அந்த அணுவை அழித்துவிடும். உடம்பின் மற்ற இடங்களில் இந்த நோய் வந்தவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஆன்டிபாடி அந்த வேலிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது.

"அதனால வேலிக்கு உள்ளயே நேரா குடுத்துப் பார்க்கறோம்" என்றார். தலைத்தோலுக்கு அடியில் ஒரு சிறு குமிழை வைத்துத் தைத்து, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயை மூளையின் நீர் நிறைந்த அறைக்குள் இறக்குவார்கள். குமிழில் ஊசி போட்டால் மருந்து நேராக உள்ளே போய்விடும்.

நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மனித உடம்பைப் பற்றி இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இப்படி ஒரு வேலி இருப்பது எனக்குத் தெரியாது. அந்த மருந்தின் ஒரு பகுதி எலியிடமிருந்து வந்தது, அதை மனிதப் பகுதியோடு ஒட்டியிருக்கிறார்கள் என்று வேறு சொன்னார். பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்குப் பிரமிப்புதான் முதலில் வந்தது. அதற்காக இப்போதும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

"இது குணமாக்குமா சார்?" என்று கேட்டேன்.

"அதை இப்போ நாங்க கேக்கலைம்மா. இது முதல் கட்டம். எவ்வளவு மருந்து வரைக்கும் உடம்பு தாங்கும்னு மட்டும்தான் பார்க்கறோம். முதல் மூணு பேருக்குக் குறைச்ச அளவு குடுத்தாச்சு. இவர் ரெண்டாவது மூணு பேர்ல ஒருத்தரா இருப்பார். இவங்களுக்கு அதைவிடக் கூட. இவங்க தாங்கிட்டா அடுத்த மூணு பேருக்கு இன்னும் கூட. நல்லது நடந்தா சந்தோஷம். ஆனா அதை நான் சொல்லிக் குடுக்க முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் என்னவர் எதற்கு? நான் எழுந்துவிடலாமா என்று யோசிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னவர் தன் சட்டைப் பையில் கையை விட்டார். தோல் துண்டை எடுத்து டாக்டரின் மேஜைமேல் வைத்தார். அதை மடக்கிக் காட்டினார், விரித்துக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "துண்டு" என்றார். "நான்... துண்டு."

டாக்டருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. பட்டறையில் புதுச் சாயமோ பூச்சோ வந்தால் நேராக முழுத்தோலில் ஏற்ற மாட்டார்கள். கத்தரித்த துண்டில் முதலில் கொஞ்சம், அடுத்த துண்டில் அதைவிடக் கூட, அடுத்ததில் இன்னும் கூட. காய்ந்ததும் மடக்கிப் பார்ப்பார்கள். எந்தத் துண்டில் வெடிப்பு விழுகிறதோ அந்த அளவுக்குக் கீழே நிறுத்திக்கொள்வார்கள். அந்தத் துண்டுகளை யாரும் செருப்பாகத் தைப்பதில்லை. பேச்சே வராத மனிதர் முதல் கட்டச் சோதனையை அப்படியே விளக்கிவிட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நீங்க ஒண்ணும் துண்டு இல்ல" என்று அங்கேயே அதட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே பேனாவுக்குக் கை நீட்டினார்.

சம்மதப் பத்திரம் பதினோரு பக்கம். யாரோ அவசரத்தில் தமிழாக்கியிருந்தார்கள். கையெழுத்துப் போடும் முன் கைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு பக்கம் திருத்திவிட்டேன், பழக்க தோஷம். சோதனைக்குப் பொறுப்பான சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தி, வேறு பிரதி கொண்டுவந்தாள். எலி விஷயத்தை எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டேன். உயிரைக் காக்கிற மருந்துக்குத் தடை இல்லை என்றார். என்னவருக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. "ஆடு... சோறு போட்டுச்சு" என்றார். அடுத்த சொல்லுக்குக் கொஞ்சம் தேடினார். "எலி... போடட்டும்" என்றார்.

குமிழ் வைத்தார்கள். தலைமுடியை மழித்த இடத்தில் ஒரு நெல்லிக்காயின் பாதியைக் கவிழ்த்ததுபோல் புடைத்திருந்தது. மேலே தொப்பி போட்டுக்கொண்டார். வாரத்துக்கு இரண்டு நாள், தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் போவோம். ஒவ்வொரு தடவையும் குமிழிலிருந்து கொஞ்சம் நீரை எடுத்துக்கொண்டு, மருந்தை உள்ளே செலுத்துவார்கள். மதியம் வரை படுக்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள்.

சிஸ்டர் என்னிடம் ஒரு நோட்டுக் கொடுத்தாள். மருந்து போட்ட நாளிலும் மறுநாளிலும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும். தலைவலி, வாந்தி, பார்வை, பேச்சு, எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தது. "நல்லது நடந்தாலும் எழுதுங்க அக்கா, கெட்டது நடந்தாலும் எழுதுங்க. ஒண்ணுமே நடக்கலன்னா ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க. அட்டையில நம்பர் இருக்கு, எப்ப வேணா போன் பண்ணலாம்" என்றாள்.

"இதை நீ எனக்குச் சொல்றியா?" என்று சிரித்தேன். என் ரெக்கார்டு நோட்டுக் கதையை அவளுக்குச் சொன்னேன். அந்தச் சிரிப்பு பிறகு பல நாள் என்னைக் குத்தியது.

முதல் ஊசிக்கு முன்பு டாக்டரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். நீரில் மிதப்பதாகச் சொல்கிறார்களே, அதை நான் பார்க்க முடியுமா? அவர் யோசித்துவிட்டு ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்ததெல்லாம் வெங்காயத் தோலும் குளத்துத் தண்ணீரும்தான். இங்கே கண்ணை வைத்ததும் பின்வாங்கினேன். ஊதா நிறத்தில், பெரிய பெரிய உருண்டைகளாக, இடமே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தன் நடுவிலிருக்கும் கருவால் நிறைந்து வழிந்தது. என் வீட்டுக்காரருக்கும் வார்த்தைக்கும் குறுக்கே நிற்பவை இவைதான் என்று நினைத்தபோது, அவற்றை உற்றுப் பார்க்க எனக்கு ஒரு வைராக்கியமே வந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வந்த ரயிலில் கூட்டம் இல்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பல்லாவரம் தாண்டி, குரோம்பேட்டை வருவதற்குள் என் புடவையின் கரையை விரலில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"அரக்குன்னு சொல்லி வாங்கின" என்றார். "இது அரக்கு இல்ல. பழுப்பு ஏறியிருக்கு. உன்ன ஏமாத்திட்டான்."

முழு வாக்கியம். நான்கு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம், அதுவும் என் புடவையைக் குறை சொல்லி. பேசினால் அது கலைந்துவிடுமோ என்று பயந்தேன். தாம்பரம் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன், எங்கள் வயதில் ரயிலில் அப்படி யாரும் உட்கார மாட்டார்கள்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு டாக்டரே என்னைக் கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. சரியாகத் திருப்பவில்லை என்று நினைத்துத் திருகைத் திருகினேன். தெளிவாகத்தான் இருந்தது. வெளுத்த பரப்பில் ஓர் ஓரமாக மூன்றோ நான்கோ உருண்டைகள், அவையும் ஓரம் சிதைந்து. மற்ற இடமெல்லாம் காலி. கண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எலிக்கும் மனிதனுக்கும் பிறந்த ஏதோ ஒன்று, எங்கேயோ ஒரு தொட்டியில் வளர்ந்து, கடல் தாண்டி வந்து, பல்லாவரத்து ஆளின் மண்டைக்குள் இறங்கி, எதைத் தொட வேண்டும் எதைத் தொடக்கூடாது என்று தெரிந்து வேலை பார்த்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அறிவியல் சொல்லிக்கொடுத்த இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை.

"சந்தோஷப்படுங்க. ஆனா நிறைய நம்பிடாதீங்க" என்றார் டாக்டர். நான் இரண்டாவதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான்காவது ஊசி போட்ட அன்று சாயங்காலம், மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் அவருக்கு நடுக்கம் எடுத்தது. பல் கிட்டித்தது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. தலை பிளக்கிறது என்றார். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு டீச்சர் தெரியறாங்க" என்றார் அந்த நடுக்கத்திலும். "ஒருத்தியையே சமாளிக்க முடியல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டை எடுத்தேன். அட்டையில் போன் நம்பர் இருந்தது, பார்த்தேன். உடம்பு தாங்கவில்லை என்றால் மருந்தை நிறுத்திவிடுவோம் என்று அந்தப் பதினோரு பக்கத்தில் எழுதியிருந்ததும் நினைவில் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் மிச்சமிருந்த அந்த மூன்று நான்கு உருண்டைகள் கண்முன் வந்தன. இப்போது நிறுத்தினால் அவை மறுபடி பெருகும். அவர் மறுபடி துண்டைப் பிடித்துக்கொண்டு, "இது... இது..." என்று நிற்பார். சாதாரணக் காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுத்தேன். நோட்டில், காய்ச்சல் என்ற கட்டத்தில் 98.6 என்று எழுதினேன். பார்வை: ஒன்றும் இல்லை. தலைவலி: ஒன்றும் இல்லை. என் கையெழுத்து எப்போதும்போல் அழகாக இருந்தது.

காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. ஐந்தாவது ஊசிக்குப் போகும்போது வீட்டிலேயே முன்கூட்டி மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் கூட்டிப் போனேன். டாக்டர் அவரிடம், "எப்படி இருக்கீங்க பாய்?" என்று கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன் சார்" என்றார் இவர்.

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் யார் நலம் கேட்டாலும் பதில் அதுதான், எல்லாப் புகழும் இறைவனுக்கே. கால் உடைந்து கிடந்தாலும் அதுதான். இறைவன் கொடுத்திருக்கும்போது அது நோகிறது இது நோகிறது என்று பட்டியல் போடுவது நன்றிகெட்டதனம் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். டாக்டருக்கு இது எப்படித் தெரியும்? அவர் கேட்டது ஓர் அளவு, இவர் சொன்னது ஒரு நன்றி. சிஸ்டர் அதைக் கேட்டுத் தன் தாளில், தொந்தரவு இல்லை என்று எழுதிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஐந்தாவது ஊசி போட்ட சாயங்காலமும் அதே நேரத்துக்கு நடுக்கம் வந்தது. அதையும் எழுதவில்லை.

ஆறாவது ஊசிக்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். எங்களுக்கு அடுத்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரி. அவள் புருஷன் கடலுக்குப் போகிறவன். இவள் நாவலூரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகளுக்கு மீன் கொண்டுபோய் விற்பாள். அவளுக்கும் இதே நோய்தான், இடது கை சரியாகத் தூக்க வராது. பால்வாடிக்குப் போகிற பெண் குழந்தை ஒன்று இருந்தது. அவளும் பரிசோதனைகளுக்கு வந்துபோனதால் பல வாரமாக அங்கே பார்த்துப் பேசிப் பழகியிருந்தோம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் மீனில் முள் இருக்கிறதே என்று கோபித்துக்கொள்வதைச் சொல்லிச் சிரிக்கவைப்பாள்.

அன்று அவள் முகம் தெளிந்திருந்தது. "டீச்சர், எனக்குத் தேதி குட்த்துட்டாங்க. வர்ற திங்கக்கெயம" என்றாள். "அட்த்த மூணு பேர்ல நான்தான் மொதல்ல. பாய்க்குக் குட்த்ததுல ரெண்டு பங்காம்."

"பயமா இல்லையா?" என்றேன்.

"மொதல்ல பேஜாராத்தான் இருந்துச்சி. அப்பால டாக்டரு சொன்னாரு, உங்க பாய்க்கு ஒரு காச்சல் கூட வர்லியாம். நல்லா தாங்கிக்கினாராம். அதான் தகிரியமா கைநாட்டு வெச்சிட்டேன்."

தலையாட்டினேன். நூற்றிரண்டு டிகிரியும், கட்டில் ஆடிய ஆட்டமும், நான் இரண்டாகத் தெரிந்ததும் இரண்டு பங்காகி இவளிடம் போகப்போகின்றன. இவள் குப்பத்து வீட்டில் அந்தச் சாயங்காலம் யார் இருப்பார்கள்? நான் எழுதிய நோட்டின்மேல்தான் அவள் கட்டைவிரலை வைத்திருக்கிறாள்.

உள்ளே போய்ச் சொன்னால் இவருக்கு மருந்தை நிறுத்துவார்கள். சொல்லாமல் இருந்தால் இவருக்கு இன்றைய ஊசி கிடைக்கும். இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் பத்து நிமிஷம் உட்கார்ந்தே இருந்தேன். பிறகு என்னவர் பக்கம் சாய்ந்து, நோட்டில் என்ன எழுதினேன் என்பதைச் சொன்னேன்.

"எத்தினி எழுதின?" என்றார்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு."

"இருந்தது?"

"நூத்திரெண்டு."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்து மடக்கினார், விரித்தார். இப்போது அவருக்குப் பேச்சு வந்திருந்தது. "துண்டுல வெடிப்பு விழுந்தத மறைச்சா துண்டுக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்தாப்ல சாய டிரம்ல போடற தோலு அத்தனையும் போயிரும்" என்றார். பிறகு அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்தார். "போ டீச்சர். போய் எழுது."

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவள் கோப்பிலிருந்து என் தாள்களை எடுத்து வைத்தாள். நான் சிவப்புப் பேனாவைத் திறந்து, பொய்யான எண்ணைத் தெரியாதபடி கிறுக்கி அடிக்கப் போனேன்.

"அப்படி அடிக்கக்கூடாது அக்கா" என்றாள் அவள் மெல்ல. "சேப்பு வேணாம், இந்தப் பேனால எழுதுங்க. ஒரே ஒரு கோடு. முன்னாடி எழுதினது கீழ தெரியணும். பக்கத்துல சரியானத எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்னிக்குத் தேதி போடுங்க. ஏன் மாத்தறீங்கன்னும் எழுதணும்."

பொய்யும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நான் கிழித்த ரெக்கார்டு நோட்டுகளெல்லாம் நினைவுக்கு வந்தன. ஒரு தப்பைக்கூட நான் மிச்சம் வைக்கவில்லை. ஒரே கோடு போட்டேன். 98.6 அதன் அடியில் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் 102 என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், "மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து மறைத்தேன்" என்று எழுதி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று பக்கம் அப்படி. ஐம்பத்திரண்டு வயதில் என் நோட்டை இன்னொருத்தர் திருத்த நின்றேன்.

டாக்டர் வந்து நின்றபடியே படித்தார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் நடுங்கினார், பார்வை எப்போது ஒன்றானது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு உட்கார்ந்தார்.

"நான் உங்க மேல கோபப்படணும். தலைக்குள்ள பிரஷர் ஏறி வீட்டுலயே ஏதாவது ஆகியிருக்கும்" என்றார். "திங்கக்கிழமை அந்தம்மாவுக்கு ரெண்டு பங்கு போட்டிருப்பேன்."

"தெரியும் சார்."

"எந்த அளவோட நிறுத்தணும்னு கண்டுபிடிக்கத்தான் இத்தனை பேரும் வர்றாங்க. அந்த இடம் உங்க வீட்டுக்காரர் உடம்புல வந்துடுச்சு. அது உங்க வீட்டு நோட்டுல இருந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "இன்னிக்கு இவருக்கு மருந்து வேணாம்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை வரக்கூடாது என்றுதான் நான் எல்லாவற்றையும் செய்திருந்தேன். அது வந்தேவிட்டது. வெளியே வந்து, இன்று ஊசி இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

இரண்டு ஊசி நிறுத்தி வைத்தார்கள். பிறகு அளவைக் குறைத்து, மெதுவாக ஏற்றி, மாலை வரை படுக்கையில் வைத்துப் பார்த்து மீதியைக் கொடுத்தார்கள். கடைசியாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு வருஷமும் சில மாதங்களும் இருந்தார். அதில் பெரும்பகுதி பட்டறைக்குப் போய் நிறம் பார்த்தார், என் புடவைகளைக் குறை சொன்னார், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சந்தையில் வேண்டாத சாமான் வாங்கி வந்தார். பிறகு நோய் வேறொரு இடத்தில் வந்து அழைத்துப் போய்விட்டது. அந்த இரண்டு ஊசியை நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் இருந்திருப்பாரா? டாக்டரிடம் ஒரு தடவை கேட்டேன். தெரியாது என்றார். யாருக்கும் தெரியாது, முதல் கட்டம் என்றால் அதுதான். மீன் விற்கிற பெண்ணுக்கு இடது கை தேறியது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை எனக்குப் போன் செய்து, வஞ்சிரம் வந்திருக்கிறது எடுத்து வைக்கட்டுமா என்று கேட்பாள்.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது இதெல்லாம் இல்லை. மறுபடி மருந்து ஆரம்பித்த பிறகு ஒரு காலை. அதே பெஞ்ச். அவளுக்கு அன்று முதல் ஊசி. இரண்டு பங்கு இல்லை, இவரைவிடக் குறைந்த அளவு. மாலை வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கையில் புது நோட்டு. "இதுல இன்னா போட்டுகீதுன்னு படிச்சிச் சொல்லு டீச்சர்" என்று நீட்டினாள்.

பிரித்துப் படித்தேன். காய்ச்சல், தலைவலி, வாந்தி, பழைய கட்டங்கள்தான். அவற்றுக்குக் கீழே என் நோட்டில் இல்லாத இரண்டு வரி புதிதாக அச்சாகியிருந்தது. மருந்து போட்டு எட்டு மணி நேரத்துக்குள் குளிர் நடுக்கம் வந்ததா? ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதா?

பேர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கட்டில் ஆடியதும், மஃரிப் நேரத்தில் அவர் என்னைப் பார்த்துச் சொன்னதும் அச்செழுத்தில் இருந்தது. இனிமேல் இந்த மருந்து யார் தலைக்குள் போனாலும், எந்த ஊரிலானாலும், யாராவது அவர்கள் முகத்துக்கு நேரே குனிந்து அந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்று தோன்றியது.

"ரெண்டாவா? யாருக்கு டீச்சர் அப்பிடித் தெரிஞ்சிச்சி?" என்றாள் அவள்.

"எனக்குத்தாம்மா" என்றார் என்னவர், தொப்பியைச் சரிசெய்தபடி. "ரெண்டு டீச்சர்."

சிஸ்டர் அவரைக் கூப்பிட்டாள். நானும் கூடப் போனேன். டாக்டர் எப்போதும்போல், "எப்படி இருக்கீங்க பாய்?" என்று கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நல்லா இருக்கேன் என்பது அவர் உதட்டுக்கு வந்துவிட்டது, நான் பார்த்தேன். அதை அங்கேயே நிறுத்திக்கொண்டார். "காலைலேர்ந்து தலைவலி சார். தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு. எழுதிக்குங்க."